மெட்டுக்குச் சொந்தக்காரர்

ஒரு பாட்டு பிடித்துவிட்டால் பாடியவர் யார் என்றுதான் முதலில் கேட்கிறோம். இயற்றியவர் பெயர் இசைத்தட்டின் உறையில் பொடி எழுத்தில் கிடக்கும். அப்படி ஒருவரை அன்பர்களுக்கு அறிமுகப்படுத்த விரும்புகிறேன்.

லியான் வேர், 1940-ல் அமெரிக்காவின் டெட்ராய்ட் நகரில் பிறந்தவர். கறுப்பின மக்களின் தேவாலயப் பாட்டும் ரிதம் அண்ட் புளூஸும் கலந்து பிறந்த 'சோல்' இசை அவர் துறை. 1972-ல் சிறுவன் மைக்கேல் ஜாக்சன் பாடிய 'ஐ வான்னா பி வேர் யூ ஆர்' பாடலை இயற்றிய இருவரில் ஒருவர் இவர்.

பின்னர், தாமே பாடுவதற்காகச் சில பாடல்களைத் தயாரித்தார். அவற்றைக் கேட்ட மோடவுன் அதிபர் பெரி கோர்டி, மார்வின் கேயைப் பாட வைக்க விரும்பினார். வேர் விட்டுக்கொடுத்தார். 1976-ல் 'ஐ வாண்ட் யூ' என்ற தொகுப்பாக வந்து அது வெற்றி பெற்றது.

அதே ஆண்டு வேரின் சொந்தக் குரலில் 'மியூசிக்கல் மசாஜ்' வெளியானது. போதிய விளம்பரமின்றி, கேட்பாரற்றுப் போயிற்று.

மார்வின் கேயின் குரல்வளம் இதில் இல்லைதான். ஆனால் அவசரப்படாத தாளம், அடுக்கடுக்காகப் படியும் பின்னணிக் குரல்கள், கெஞ்சலும் நிதானமுமான மெட்டு எல்லாம் இங்கும் உண்டு. மார்வின் கேயுடையது என்று நாம் எண்ணிய அழகில் எவ்வளவு வேருடையது என்பது எனக்கு இதைக் கேட்டபிறகே விளங்கியது.

வேர் 2017-ல் காலமானார். இரண்டு தொகுப்புகளையும் ஒரே மாலையில் அடுத்தடுத்துக் கேட்டுப் பாருங்களேன்.