பாலைவனத்தில் நரி வேட்டை!

குட்டீஸ், ஐஸ்பாய் விளையாடும்போது ஒளிந்திருப்பவர் 'ஜூட்' என்று குரல் கொடுப்பார், இல்லையா? அந்தக் குரலை வைத்தே, "மாடிப்படிக்குக் கீழேதான் இருக்கிறான்!" என்று கண்டுபிடித்துவிடுவீர்கள். இதே விளையாட்டை ஒரு பாலைவனம் முழுக்க விளையாடினால்? ஒளிந்திருப்பது ஆள் அல்ல, ஒரு சின்ன ரேடியோ பெட்டி என்றால்? அதன் குரல் வெறும் காதுக்குக் கேட்கவே கேட்காது என்றால்?

அமெரிக்காவில், கலிபோர்னியா மாநிலத்தின் தென்பகுதியில் இப்படி ஒரு விளையாட்டு நடக்கிறது. விளையாடுபவர்கள் ஹாம் ரேடியோக்காரர்கள். அதாவது, தேர்வு எழுதி அரசு உரிமம் வாங்கி, பொழுதுபோக்காக ரேடியோவில் பேசுபவர்கள். ஒளித்து வைக்கும் டிரான்ஸ்மிட்டருக்கு அவர்கள் வைத்திருக்கும் செல்லப் பெயர் 'நரி'. அதைத் தேடுவது 'நரி வேட்டை'. பயப்படாதீர்கள், நிஜ நரிக்கு இதில் ஒரு ஆபத்தும் இல்லை!

ஒரு வேட்டை நாள் எப்படி இருக்கும்? ஓர் அப்பாவும் மகளும் போகும் ஜீப்பில், கற்பனையாக நாமும் பின் சீட்டில் ஏறிக்கொள்வோமா?

மலை உச்சியில் தொடக்கம்

சனிக்கிழமை காலை. லாஸ் ஏஞ்சலிஸ் நகரை ஒட்டி, பசிபிக் கடலைப் பார்த்தபடி இருக்கும் ராஞ்சோ பாலோஸ் வெர்டிஸ் குன்றின் உச்சியில் வண்டிகள் வந்து நிற்கின்றன. ஒவ்வொரு வண்டியின் கூரையிலும் மீன் முள் போன்ற ஓர் ஆன்டெனா. இதன் பெயர் யாகி. ஜப்பானைச் சேர்ந்த ஷின்டாரோ உடாவும், ஹிடெட்சுகு யாகியும் 1920களில் உருவாக்கியது. நம் ஊர் மொட்டை மாடிகளில் முன்பெல்லாம் நின்ற டி.வி. ஆன்டெனாவும் இதே குடும்பம்தான்.

நரியை ஒளித்து வைத்தவர் முன்பே பாலைவனத்துக்குப் போய்விட்டார். அது எங்கே என்று அவரைத் தவிர யாருக்கும் தெரியாது. 146.565 மெகா ஹெர்ட்ஸ் அலைவரிசையில் அது குரல் கொடுக்கும். கொஞ்ச நேரம் 'பீப்... பீப்...', பிறகு அமைதி. மறுபடி 'பீப்... பீப்...'.

விதிமுறைதான் வேடிக்கை. முதலில் போய்ச் சேருபவருக்குப் பரிசு கிடையாது! யாருடைய வண்டி குறைவான தூரம் ஓடி நரியைப் பிடிக்கிறதோ, அவர்தான் வெற்றியாளர். எனவே வேகமாக ஓட்டிப் பயனில்லை. தப்பான சாலையில் 10 கிலோமீட்டர் போனால், திரும்பி வர இன்னொரு 10. மொத்தம் 20 கிலோமீட்டர் நஷ்டம்!

மலை செய்த தந்திரம்

மகள் ஆன்டெனாவை மெல்லச் சுற்றுகிறாள். யாகி எந்தப் பக்கம் நீட்டிக்கொண்டிருக்கிறதோ, அந்தப் பக்கத்து ஒலிதான் பலமாகக் கேட்கும். வடகிழக்கே திரும்பியதும் ரேடியோவில் உள்ள முள் 'விர்'ரென்று ஏறுகிறது.

"அப்பா, வடகிழக்கு! பலமா வருது. போலாமா?"

"அந்தப் பக்கம் என்ன இருக்குன்னு மேப்பைப் பாரு."

பார்க்கிறாள். 3,000 மீட்டருக்கும் மேல் உயர்ந்த பால்டி மலை!

இங்கேதான் விஷயம் இருக்கிறது. பந்து சுவரில் பட்டுத் திரும்புவதுபோல், இந்த ரேடியோ அலை மலையில் பட்டுத் திரும்பும். நேர்வழியைக் குன்றுகள் மறைத்துக்கொண்டால், நேராக வரும் ஒலி பலவீனமாகவும், மலையில் மோதி வரும் ஒலி பலமாகவும் கேட்கும். எதிரொலியை நம்பி ஓடினால் அவ்வளவுதான்!

மகள் இன்னொரு முறை பொறுமையாக ஆன்டெனாவைச் சுற்றுகிறாள். கிழக்கே சற்று வடக்குப் பக்கம் இன்னொரு ஒலி. மிகவும் மெலிது. மேப்பில் இரண்டு திசைக்கும் இரண்டு கோடுகள் போடுகிறாள். எது உண்மை, எது எதிரொலி? இங்கிருந்து சொல்ல முடியாது. வேறோர் இடத்தில் இருந்து கேட்டுத்தான் பார்க்க வேண்டும்.

இரண்டு கோடுகள் சந்திக்கும் இடம்

100 கிலோமீட்டருக்கும் மேல் ஓடி, சான் பெர்னார்டினோ நகரில் ஜீப் நிற்கிறது. இங்கே பாதை பிரிகிறது. வடக்கே போனால் கஹோன் கணவாய் வழியாக ஒரு பாலைவனப் பகுதி. கிழக்கே போனால் வேறொரு பகுதி. தப்பு செய்தால் மாட்டிக்கொள்வோம்.

மகள் மறுபடி ஆன்டெனாவைச் சுற்றுகிறாள். இப்போது பால்டி மலை வடமேற்கே, முதுகுக்குப் பின்னால் இருக்கிறது. ஆனால் ஒலி பலமாக வருவதோ கிழக்கில் இருந்து! நரி மலையில் இருந்தால் ஒலியும் பின்னால் இருந்துதானே வந்திருக்க வேண்டும்? காலையில் கேட்டது எதிரொலிதான் என்று இப்போது தெரிந்துவிட்டது.

மேப்பில் புதுக் கோடு போடுகிறாள். காலையில் போட்ட 'மெலிதான' கோட்டை இது வெட்டுகிறது. இரண்டு நேர்கோடுகள் ஒரே ஒரு புள்ளியில்தான் வெட்டிக்கொள்ளும் என்று கணக்குப் பாடத்தில் படித்திருப்பீர்களே, அதுதான் இங்கே கைகொடுக்கிறது. ஆனால் திசையில் வெறும் 5 டிகிரி பிசகினால்கூட, 100 கிலோமீட்டர் தொலைவில் கிட்டத்தட்ட 9 கிலோமீட்டர் தள்ளிப் போய்விடுவோம். அதனால் கிட்டே போகப் போகக் கோடு போட்டுக்கொண்டே இருக்க வேண்டும்.

மொஹாவி பாலைவனம்

மதியம் தாண்டி, ட்வென்டி நைன் பாம்ஸ் என்ற ஊரைக் கடந்து ஜீப் மண் பாதையில் இறங்குகிறது. இதுதான் மொஹாவி பாலைவனம். ஒரு லட்சம் சதுர கிலோமீட்டருக்கும் மேல் பரந்தது. 1913 ஜூலை 10 அன்று 56.7 டிகிரி செல்சியஸ் வெப்பம் பதிவான மரணப் பள்ளத்தாக்கும் இதன் ஒரு பகுதிதான். உலக வானிலை அமைப்பின் பதிவேட்டில், பூமியிலேயே மிக அதிக வெப்பம் அதுதான்.

ஆகவே இங்கே விளையாட்டுக்கும் ஒழுங்கு உண்டு. ஜீப்பில் நிறையத் தண்ணீர் இருக்கிறது. பாதையை விட்டு வண்டி இறங்கக் கூடாது. கைவிடப்பட்ட பழைய சுரங்கக் குழிகள் பக்கம் போகவே கூடாது. இன்னொன்று, நிறுத்திய வண்டியை எடுப்பதற்கு முன் குனிந்து கீழே பார்க்க வேண்டும். எதற்கு? பாலைவன ஆமைகள் நிழல் தேடி வண்டிக்கு அடியில் வந்து படுத்துக்கொள்ளும்!

கடைசி 100 மீட்டர்

ஒலி இப்போது மிகவும் பலம். ஆன்டெனாவை எந்தப் பக்கம் திருப்பினாலும் முள் கடைசி எல்லையில் நிற்கிறது. திசையே தெரியவில்லை! மகளுக்கு அழுகையே வந்துவிடும்போல் இருக்கிறது. ஸ்பீக்கர் பக்கத்தில் காதை வைத்தால் எல்லாப் பக்கமும் இரைச்சலாகத்தானே கேட்கும்? அதே கதைதான்.

"காதைப் பொத்திக்க வேண்டியதுதான்" என்கிறார் அப்பா.

மகள் ஆன்டெனாவை வைத்துவிட்டுக் கையடக்க ரேடியோவை எடுக்கிறாள். அதை நெஞ்சோடு ஒட்டிப் பிடித்து, நின்ற இடத்திலேயே மெதுவாகச் சுற்றுகிறாள். நம் உடம்பு ரேடியோ அலையைக் கொஞ்சம் மறைக்கும். எந்தப் பக்கம் திரும்பும்போது ஒலி குறைகிறதோ, அப்போது நரி நம் முதுகுக்குப் பின்னால்! ஒலி குறைகிறது. சட்டென்று திரும்பி நடக்கிறாள். ஒரு முட்புதர். அதற்கு அடியில் மண் நிறத்துத் தகரப் பெட்டி. அதில் இருந்து ஒரு மெல்லிய கம்பி நீட்டிக்கொண்டிருக்கிறது.

"அப்பா, நரி!"

வேறொரு வண்டி முன்பே வந்து நிற்கிறது. ஆனால் அது வடக்கே போய்ச் சுற்றி வந்ததாம். தூரக் கணக்கைப் பார்த்தால் ஜெயித்தது நம் ஜீப்தான்!

விளையாட்டு மட்டும்தானா?

1972 அக்டோபரில், அலாஸ்காவில் இரண்டு அமெரிக்க எம்.பி.க்கள் சென்ற சிறு விமானம் காணாமல் போனது. 39 நாட்கள் தேடினார்கள். கிடைக்கவே இல்லை. ஆபத்தில் தானாகக் குரல் கொடுக்கும் டிரான்ஸ்மிட்டர் அந்த விமானத்தில் இல்லை என்று விசாரணையில் முடிவு செய்தார்கள்.

1982 செப்டம்பரில் கனடாவின் மலைப்பகுதியில் இன்னொரு சிறு விமானம் விழுந்தது. அதில் டிரான்ஸ்மிட்டர் இருந்தது. அதன் குரலை, அந்த ஆண்டு ஜூனில்தான் சோவியத் யூனியன் அனுப்பியிருந்த செயற்கைக்கோள் கேட்டது. மூன்று பேர் உயிர் பிழைத்தார்கள். அமெரிக்கா, சோவியத் யூனியன், கனடா, பிரான்ஸ் ஆகிய நாடுகள் சேர்ந்து தொடங்கிய காஸ்பாஸ்-சார்சாட் என்ற அந்தத் திட்டத்தில் இன்று இந்தியாவும் இருக்கிறது.

ஆனால் செயற்கைக்கோள் சொல்வது, 'ஏறத்தாழ இந்த இடம்' என்பதைத்தான். அடர்ந்த காட்டிலோ பனியிலோ கடைசி தூரத்தைக் கடக்க, ஆன்டெனாவோடு ஆட்கள்தான் போக வேண்டும். அமெரிக்காவில் சிவில் ஏர் பேட்ரோல் என்ற அமைப்பு இந்த வேலையைச் செய்கிறது. அதன் மாணவர் பிரிவில் 12 வயதிலேயே சேரலாம். பயிற்சி பெற்ற மாணவர்கள் தேடும் குழுக்களோடும் போவார்கள். புதருக்குக் கீழே தகரப் பெட்டியைத் தேடிப் பழகிய கைக்கு, அன்று வேலை இருக்கும்.

நீங்களும் செய்து பாருங்கள்!

வீட்டில் பழைய டிரான்சிஸ்டர் ரேடியோ இருக்கிறதா? மீடியம் வேவில் ஒரு நிலையத்தை வையுங்கள். ரேடியோவை மேஜை மேல் வைத்து மெதுவாகச் சுற்றுங்கள். ஓரிடத்தில் ஒலி நன்றாகக் குறையும். ரேடியோவுக்கு உள்ளே படுத்திருக்கும் கருப்புக் குச்சி போன்ற ஆன்டெனாவின் முனை, அப்போது ஒலிபரப்பு நிலையத்தை நோக்கி இருக்கிறது என்று அர்த்தம். இந்த முனையா, எதிர் முனையா? அது தெரிய வேண்டுமானால், தொலைவில் உள்ள பாட்டி வீட்டில் இருந்தும் இதேபோல் பார்த்து, மேப்பில் இரண்டு கோடு போட வேண்டும்.

கோடுகள் எங்கே சந்திக்கின்றன? பிடித்துவிட்டீர்கள், உங்கள் முதல் நரியை!