சேனை விதைக்கிழங்கைக் காத்து வைக்கும் முறை

சங்கரன்கோவில் தாலுகா கரிவலம்வந்தநல்லூரிலும் அதன் சுற்றுப்புறங்களிலும் கிணற்றுப் பாசனமுள்ள தோட்டங்களையுடைய விவசாயிகள் சேனை பயிரிட எண்ணுங்கால், முதலிற் கருத வேண்டுவது விதைக்கிழங்கின் செலவேயாகும். வரிசைக்கு வரிசையும் செடிக்குச் செடியும் 90 செ.மீ. இடைவெளி விட்டால், ஏக்கர் ஒன்றுக்கு ஏறக்குறைய 5,000 குழிகள் அமையும். குழிக்கு 500 கிராம் வீதம் 2,500 கிலோ விதை வேண்டும். சேமிப்பில் ஐந்திலொரு பங்கு அழுகினால், 1,000 செடிகளுக்குரிய வித்து நடவுக்கு முன்னரே நஷ்டமாகிறது. அதனை நடவுக் காலத்தில் மீண்டும் பணம் கொடுத்தே வாங்க நேரிடும்.

சித்திரை, வைகாசியில் நடப்பெறும் சேனை எட்டு ஒன்பது மாதங்களில் முதிர்ந்து, தை மாதவாக்கில் வெட்டப்படுகிறது. வெட்டிய கிழங்கு உடனே முளைப்பதில்லை. இரண்டு மூன்று மாதங்கள் அதன் முளை உறங்கிக் கிடக்கும். மேனாட்டார் பெகோனியா என்னும் பூச்செடியின் கிழங்கை உறைபனிக்கு அஞ்சித் தோண்டியெடுத்து, குளிர் நீங்கும்வரை உலர்ந்த இடத்தில் வைத்துக் காப்பர். நமக்குப் பகை குளிரன்று. மாசி, பங்குனி வெயிலும், காற்றோட்டமின்மையும், காயத்தின் வழியே புகும் அழுகலுமேயாகும்.

வெட்டுதல்: இலை மஞ்சளாகித் தண்டு சாய்ந்த பின்னரே வெட்டுதல் வேண்டும். அதற்குச் சில நாட்கள் முன்னரே பாசனத்தை நிறுத்துக. மண்வெட்டி கிழங்கின்மேற் படாதவாறு சற்று விலகி மண்ணைப் பறித்து, கிழங்கைக் கையால் எடுக்க வேண்டும். காயம்பட்டவற்றை விதைக்கென வையாமல் உடனே விற்றுவிடுவதே நலம்.

உலர்த்துதல்: மண்ணையும் வேரையும் உதிர்த்துவிட்டு, கழுவாமல் நிழலில் உலர்த்துக. கடும் வெயிலிற் பரப்பினால் நடுமுளை வெந்து கெடும்.

அடுக்குதல்: கூரை வேய்ந்த, காற்றோட்டமுள்ள கொட்டகையில், உலர்ந்த மணலின்மீதோ மூங்கிற் பரண்மீதோ ஒன்றையொன்று நெருக்காமல் ஒரே அடுக்காகப் பரப்புதல் வேண்டும். சாக்கில் கட்டி வைத்தலும், அம்பாரமாகக் குவித்தலும் கூடாது. குவியலின் உள்ளே வெப்பமும் ஈரமும் தங்கி, ஒரு கிழங்கின் அழுகல் பலவற்றிற்கும் பரவும். கஜேந்திரா, ஸ்ரீபத்மா முதலிய தேர்ந்த இரகங்களைத் தனித்தனியே வைத்தால் விதை கலவாது.

கண்காணித்தல்: வாரம் ஒருமுறை கிழங்குகளைப் புரட்டிப் பார்த்து, மெத்தென்று அழுங்குவனவற்றை அப்புறப்படுத்துக. வெண்மையான மாவுப்பூச்சி காணின் துடைத்து நீக்கி, அக்கிழங்கைத் தனியே வைத்தல் வேண்டும். இல்லையேல் அது விதையுடன் வயலுக்கே சென்றுவிடும். ஈரம் வற்றுவதால் எடை சிறிது குறைவது இயல்பே. அதனை அழுகலெனக் கருதற்க.

நடவுக்கு ஆயத்தம்: சேமிப்பின்போது கிழங்கை நறுக்கலாகாது. நடவு நெருங்கிய பின், ஒவ்வொரு துண்டிலும் நடுமுளையின் ஒரு பகுதி அமையுமாறு மேலிருந்து கீழாக வெட்டுக. சாணக் கரைசலில் கிலோவுக்கு 5 கிராம் வீதம் டிரைக்கோடெர்மா கலந்து, துண்டுகளை முக்கி நிழலில் உலர்த்தி நடுவது தண்டடி அழுகலைத் தடுக்க உதவும். விதையைப் பெருக்க விரும்புவோர் 100 கிராம் துண்டுகளை நெருக்கமாக நடும் முறையையும் கைக்கொள்ளலாம். திருவனந்தபுரம் ஸ்ரீகாரியத்தில் 1963-இல் நிறுவப்பெற்ற மத்திய கிழங்குப் பயிர் ஆராய்ச்சி நிலையம் அம்முறையைப் பரிந்துரைக்கின்றது.

கிராம நிர்வாக அலுவலர்கள் சேனைப் பரப்பை அடங்கலிற் செம்மையாகப் பதிவு செய்வாராயின், அவ்வூருக்கு வேண்டிய விதையின் அளவு முன்னரே தெரியவரும். நிலமுடையோர் சிலர் கூடி ஒரு கொட்டகை அமைத்தால், அவ்வளவு விதையையும் ஊரிலேயே காத்துக்கொள்ளலாம். இச்சிறு சிரத்தை, சித்திரையில் விதை தேடி வெளியூர் அலையும் செலவை மிச்சப்படுத்தும்.