பஸ் செலவையும் யோசித்த டாக்டர்

சாத்தூருக்குப் பக்கத்தில், அர்ச்சுனா நதியும் வைப்பாறும் கூடுகிற இடத்தில் இருக்கிறாள் இருக்கன்குடி மாரியம்மன். எங்கள் பக்கத்தில் யாருக்குக் கண்ணில் கோளாறு வந்தாலும் முதலில் அவளிடம்தான் நேர்ந்துகொள்வார்கள். பார்வை திரும்பினால் வெள்ளியில் கண்மலர் வாங்கிச் சாத்துவார்கள். சிவகாசியில் ஒரு தீப்பெட்டி ஆபீசில் பல வருஷம் கணக்கு எழுதிய நானும் அம்மாவுக்காக நேர்ந்துகொண்டவள்தான். அம்மாவுக்குக் கண்புரை. மதுரை அரவிந்த் கண் மருத்துவமனையில் ஆபரேஷன் செய்து லென்ஸ் வைத்தார்கள். கண்மலரும் சாத்தினோம். அந்த மருத்துவமனையை உண்டாக்கிய மனிதரைப் பற்றி அதற்குப் பிறகுதான் தேடித் தேடிப் படித்தேன்.

டாக்டர் ஜி. வெங்கடசாமி 1918 அக்டோபர் 1 அன்று, எட்டயபுரத்தை அடுத்த அயன்வடமலாபுரத்தில் ஒரு விவசாயக் குடும்பத்தில் பிறந்தார். எங்களைப் போலக் கரிசல் மண்ணுக்காரர். உறவுக்காரப் பெண்கள் மூன்று பேர் பிள்ளைப்பேற்றில் அடுத்தடுத்து இறந்துபோனதைச் சின்ன வயதில் பார்த்தவர். பிரசவம் பார்க்கிற டாக்டராக வேண்டும் என்று அப்போதே மனதில் விழுந்துவிட்டது. 1944இல் ஸ்டான்லி மருத்துவக் கல்லூரியில் படிப்பை முடித்து ராணுவ மருத்துவப் பிரிவில் சேர்ந்தார். அங்கேதான் கடுமையான முடக்குவாதம் வந்தது. விரல்கள் கோணிக்கொண்டன. பேனாவைப் பிடிக்கக்கூட முடியவில்லை. 1948இல் ராணுவத்திலிருந்து அனுப்பிவிட்டார்கள்.

மகப்பேறு மருத்துவம் இனி ஆகாது என்று தெரிந்ததும் கண் மருத்துவம் படித்தார். வளைந்த விரலுக்கு ஏற்றபடி கருவிகளைச் செய்துகொண்டு, கத்தியைப் பிடிக்க மறுபடி முதலிலிருந்து பழகினார். அந்த விரல்களால் தன் ஆயுளில் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட கண் ஆபரேஷன்கள் செய்தார்.

மன உறுதியைப் பற்றிப் பேசுகிற மேடைகளில் இந்த விரல் கதையைத்தான் சொல்வார்கள். கேட்க உடம்பு சிலிர்க்கும். ஆனால் என்னை அதிகம் யோசிக்க வைப்பது அவர் ஓய்வுபெற்ற பிறகு நடந்தது.

1976இல் அரசு மருத்துவர் பணி முடிந்தபோது அவருக்கு 58 வயது. தடுக்கக்கூடிய பார்வையிழப்பே நாட்டில் இருக்கக் கூடாது என்பதுதான் அவர் வைத்துக்கொண்ட இலக்கு. கையில் இருந்ததோ மதுரையில் ஒரு வீடும் 11 படுக்கைகளும். அதற்கே வீட்டை அடமானம் வைத்து, உடன்பிறந்தவர்களின் நகையையும் வைக்க வேண்டியிருந்தது. தங்கை டாக்டர் நாச்சியார், அவர் கணவர் டாக்டர் நம்பெருமாள்சாமி என்று குடும்பமே கூட நின்றது. பணம் கட்ட முடிந்தவர் கட்டுவார். முடியாதவருக்கும் அதே டாக்டர், அதே ஆபரேஷன்.

ஊர் ஊராக முகாம் போட்டார்கள். ஆபரேஷன் இலவசம் என்றார்கள். அப்படியும் தேர்வானவர்களில் பெரும்பாலோர் மருத்துவமனைக்கு வரவில்லை. நல்லது செய்யப் போய் ஆள் வராவிட்டால் 'ஜனங்களுக்கு விழிப்புணர்வு போதாது' என்று சொல்லிவிட்டு ஒதுங்குவதுதான் வழக்கம். ஆனால் அரவிந்தில் இருந்தவர்கள், வராதவர்களிடமே போய் ஏன் வரவில்லை என்று விசாரித்தார்கள். பஸ்ஸுக்குக் காசில்லை, சாப்பாட்டுக்கு வழியில்லை, கூடவர ஆளில்லை என்ற பதில்கள்தான் கிடைத்தன. அதற்குப் பிறகு பஸ்ஸையும் சாப்பாட்டையும் மருத்துவமனையே ஏற்றுக்கொண்டது.

அந்தப் பதில்களை நானும் என் காதால் கேட்டிருக்கிறேன். எங்கள் ஆபீசில் கட்டை அடுக்குகிற ஒரு பாட்டி இருந்தார். சட்டத்தின் பள்ளங்களில் குச்சி குச்சியாக அடுக்குகிற வேலை. அடுக்கிய கட்டைக்குத்தான் கூலி. பார்வை மங்க மங்கக் கூலியும் குறைந்துகொண்டே வந்தது. முகாமுக்கு வரச் சொன்னேன்.

"ஏ தாயி, ஓசியில அறுக்காகன்னு நீ சொல்ற. போய்வர பஸ்ஸுக்கு யாரு குடுப்பா? மூணு நாளு கூலிய யாரு குடுப்பா?"

பஸ் வரும், சாப்பாடு போடுவார்கள், திரும்பக் கொண்டுவந்தும் விடுவார்கள் என்று சொன்ன பிறகுதான் பாட்டி பெயர் கொடுத்தார். ஞாயிற்றுக்கிழமை பள்ளிக்கூடத்தில் முகாம். கண்ணில் சொட்டு மருந்து விட்டுப் பரிசோதித்து, ஆபரேஷன் தேவைப்பட்டவர்களை அன்றைக்கே மதுரைக்கு ஏற்றிப்போய்விடுவார்கள். அந்த பஸ்ஸையும் சோற்றையும் நான் சாதாரண ஏற்பாடாக நினைக்கவில்லை. ஒருவர் தன் இலக்கை உள்ளுக்குள் எவ்வளவு நிஜமாக நம்புகிறார் என்பதை நான் அதில்தான் பார்க்கிறேன். பேருக்குச் செய்கிறவர் ஆபரேஷன் கணக்கோடு நின்றிருப்பார்.

லென்ஸ் விஷயத்திலும் இதேதான் நடந்தது. முன்பெல்லாம் புரையை எடுத்துவிட்டுத் தடித்த சோடாபுட்டிக் கண்ணாடியைக் கொடுத்து அனுப்புவார்கள். அது உடைந்தால் மறுபடி இருட்டுத்தான். கண்ணுக்குள்ளேயே வைக்கிற லென்ஸ் வெளிநாட்டிலிருந்து வந்துகொண்டிருந்தது, ஏழைகளுக்கு எட்டாத விலையில். 1992இல் ஆரோலேப் என்ற தொழிற்சாலையைத் தொடங்கி மதுரையிலேயே லென்ஸ் செய்ய ஆரம்பித்தார்கள். விலை பல மடங்கு இறங்கியது. இன்று நூறுக்கும் மேற்பட்ட நாடுகளுக்கு அது போகிறது. தொடங்கிய வருஷத்தில் டாக்டர் வெங்கடசாமி எழுபதைத் தாண்டியிருந்தார்.

இதற்கெல்லாம் ஊற்று எங்கே? ஸ்ரீ அரவிந்தரிடமும் அன்னையிடமும் அவருக்கு ஆழ்ந்த ஈடுபாடு. மருத்துவமனையின் பெயரே அதைச் சொல்லும். நாட்குறிப்பில் தன்னைத்தானே கேள்வி கேட்டு எழுதிக்கொண்டே இருப்பார். வெற்றியடைந்தவர்களுக்கு நின்றுபோகிற பழக்கம் அது. அவருக்குக் கடைசிவரை நிற்கவில்லை என்பதைத்தான் நான் பெரிதாக நினைக்கிறேன்.

2006 ஜூலை 7 அன்று அவர் காலமானார். அவருக்குப் பிறகும் எங்கள் பக்கத்தில் முகாம்கள் நடக்கின்றன. அவற்றில் உதவி செய்ய நாங்கள் சில பேர் இருக்கிறோம். முகாம் முடிந்ததும், தேர்வாகியும் பஸ் ஏறாதவர்களின் பெயர்களைக் குறித்துக்கொண்டு வீடு வீடாகப் போவோம். போன தடவை ஒருவர் தீபாவளி சரக்கு முடியட்டும் என்றார். திருத்தங்கலில் ஒரு தாத்தாவுக்கு ஆட்டைப் பார்த்துக்கொள்ள ஆளில்லை. பக்கத்து வீட்டு மதினி மூன்று நாள் பார்த்துக்கொள்வதாகச் சொல்லியிருக்கிறார்கள். அடுத்த முகாமுக்குத் தாத்தா பெயரை எழுதிவிட்டோம்.