தாடை மூட்டு நோவை நிர்ணயிப்பது எப்படி?

காதுக்குச் சற்று முன்னே விரலை வைத்து வாயைத் திறந்து மூடினால் விரலடியில் அசைகிறதே, அந்தத் தாடை மூட்டில் நோவு கண்டவர், காது வைத்தியரிடமும் பல் வைத்தியரிடமும் நரம்பு வைத்தியரிடமும் மாறி மாறி அலைந்து, ஆளுக்கொரு பெயராகத் தம் நோய்க்குப் பெயர் பெற்றுத் திரும்புவது வெகு காலம் சர்வ சாதாரணமாக இருந்தது. 1934-இல் அமெரிக்காவில் செயின்ட் லூயி நகரத்துக் காது வைத்தியர் ஜேம்ஸ் காஸ்டன், பற்களை இழந்தோருக்குத் தாடை மிகையாக மூடிக்கொள்வதே காதடைப்புக்கும் தலைநோவுக்கும் மூலகாரணம் என்று எழுதினார். பிற்கால உடற்கூறு ஆராய்ச்சியில் அக்காரணம் நிலைபெறவில்லையாயினும், அவர் பெயர் மட்டும் நோயை விட்டு நீங்கவில்லை.

இக்குழப்பத்துக்கு ஓர் ஒழுங்கைத் தந்தது, சியாட்டிலில் உள்ள வாஷிங்டன் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த சாமுவேல் ட்வொர்க்கினும் லிண்டா லெரெஷும் 1992-இல் வெளியிட்ட ஆராய்ச்சி அளவுகோல். தேகத்தின் கோளாறை ஒரு பிரிவிலும், அந்த வலி நோயாளியின் மனத்தையும் அன்றாட ஜீவனத்தையும் எவ்வளவு பாதித்திருக்கிறது என்பதை மற்றொரு பிரிவிலும் அது சமமாக வைத்து ஆராய்ந்தது. வாய் திறக்கும் அளவை மில்லிமீட்டரில் குறித்துக்கொண்டு, நோயாளியின் கவலையைக் குறிக்காமல் விடுவது அரைகுறை வைத்தியமே என்று நம்புகிறவன் நான்; ஆகவே, அந்த இரண்டாம் பிரிவையே அவர்களுடைய பெரிய கொடை என்பேன்.

ஆனால் அளவுகோலையும் அளந்து பார்க்க வேண்டுமல்லவா? நோயுள்ள நூறு பேரில் 70 பேரையேனும் கண்டுபிடிக்க வேண்டும், நோயில்லாத நூறு பேரில் 95 பேரையேனும் நோயில்லாதவர் என்றே விட்டுவிட வேண்டும் என்ற இலக்கை வைத்து, தேர்ந்த நிபுணர்களின் முடிவோடும் ஸ்கேன் படங்களோடும் ஒப்பிட்டுப் பரீட்சித்தபோது, பழைய அளவுகோல் தேறவில்லை. அதைத் திருத்தி 2014-இல் வெளியிட்டார்கள்.

திருத்தத்தின் ஜீவநாடி ஒரு கேள்வியில் இருக்கிறது. வைத்தியர் கன்னத்துத் தசையையும் பொட்டுத் தசையையும் ஏறக்குறைய ஒரு கிலோ அழுத்தத்தில் விரலால் அழுத்துகிறார், வலிக்கிறது என்று நோயாளி சொன்னவுடன் நோய் என்று எழுதிவிடாமல், “கடந்த 30 நாட்களில் உங்களுக்கு இருந்த அதே வலிதானா இது?” என்று கேட்கிறார். அழுத்தினால் ஆரோக்கியமானவருக்கும் வலிக்கக்கூடும். தாம் அனுபவித்த வலியை அடையாளம் காட்ட நோயாளி ஒருவராலேயே முடியும். இவ்வாறு கேட்டுத் தீர்மானிக்கும்போது, தசை வலியுள்ளவர்களில் நூற்றுக்கு 90 பேர் சரியாக அகப்படுகிறார்கள்; அது இல்லாதவர்களில் 99 பேர் சரியாக விலக்கப்படுகிறார்கள். மூட்டு வலியிலும் ஏறக்குறைய இதே துல்லியம்தான்.

மூட்டுக்குள் இருக்கும் தட்டு விலகி, வாய் திறக்கையில் மீண்டும் தன் இடத்துக்கு வந்து ‘டக்’கென்று சொடுக்கும் நிலையிலோ கதை வேறு. வாயை அசைக்கச் சொல்லிப் பார்ப்பதால் மட்டும் அத்தகையோரில் நூற்றுக்கு 34 பேரே பிடிபடுகிறார்கள். நிச்சயம் வேண்டுமானால் எம்.ஆர்.ஐ. எடுத்தாக வேண்டும். மூட்டெலும்புத் தேய்மானத்துக்கு சி.டி. ஸ்கேன் தேவை. அதற்காகச் சொடுக்குக் கேட்ட ஒவ்வொருவரையும் ஸ்கேன் அறைக்கு விரட்டுவதும் தகாது. வலியோ, வாய் பூட்டிக்கொள்ளும் தொல்லையோ இல்லாத சொடுக்குக்குப் பெரும்பாலும் சிகிச்சையே வேண்டியதில்லை.

ஆதலால் வாசகர்களுக்கு ஒரு வேண்டுகோள்: தாடையில் சத்தம் வருகிறது என்ற ஒன்றை மட்டுமே காட்டிப் பல்லைத் தேய்க்கவோ மூட்டை அறுக்கவோ யாரேனும் சொன்னால், எந்தப் பரிசோதனையைக் கொண்டு அந்த முடிவுக்கு வந்தார் என்று தயங்காமல் கேளுங்கள்.