டிரெய்லர் வீட்டுச் சுவருக்குள் தங்கும் நீர்

வட அமெரிக்காவில் காருக்கோ பிக்கப் லாரிக்கோ பின்னால் கொக்கியில் மாட்டி இழுத்துச் செல்லப்படும் சக்கர வீட்டுக்கு ‘டிராவல் டிரெய்லர்’ என்று பெயர். படுக்கை, அடுப்பு, குளியலறை, கழிவறை அனைத்தையும் ஏறத்தாழ 6 மீட்டர் நீளத்துக்குள் அடக்கிக்கொள்ளும் இவ்வண்டி கோடைப் பயணத்தை மனத்தில் கொண்டு உருவாக்கப்பட்டதாயினும், குளிர்காலம் முழுவதும் மழை ஓயாத பசிபிக் கரையோர மாநிலங்களான ஆரெகன், வாஷிங்டன் ஆகியவற்றிலும், அவற்றுக்கு வடக்கே கனடாவின் பிரிட்டிஷ் கொலம்பியாவிலும், இதையே நிலையான வீடாகக் கொண்டு ஆண்டு முழுவதும் வாழ்வோர் உள்ளனர். குளிரை ஹீட்டரால் வென்றுவிடும் இவர்களுக்கு, வீட்டுக்குள்ளேயே பிறக்கும் நீர் தீராத தொல்லையாகிறது. கூரையில் ஒழுக்கு ஏதும் இல்லாதபோதும் காலையில் சன்னல் கண்ணாடியில் நீர் வழிகிறது, மெத்தையின் அடிப்புறம் நனைந்திருக்கிறது, அலமாரியின் மூலையில் கரும்பூஞ்சை படர்கிறது.

காற்றில் கலந்திருக்கக்கூடிய நீராவியின் உச்ச அளவை வெப்பநிலையே தீர்மானிக்கிறது. 20 டிகிரி செல்சியஸில் ஒரு கன மீட்டர் காற்றில் சுமார் 17 கிராம் நீராவி இருக்க முடியும். 10 டிகிரியில் அது 9 கிராமுக்குச் சற்று மேல், 0 டிகிரியில் 5 கிராமுக்கும் குறைவு. இவ்வுச்ச அளவில் எத்தனை விழுக்காடு நிரம்பியுள்ளது என்பதே ஒப்பு ஈரப்பதம். காற்று குளிரக் குளிர இவ்விழுக்காடு ஏறி, 100-ஐத் தொடும் வெப்பநிலை பனிப்புள்ளி எனப்படும். அதைவிடக் குளிர்ந்த எந்தப் பரப்பைக் காற்று தொட்டாலும், மிகையான நீராவி அங்கே நீர்த்துளியாக மாறுகிறது. குளிர்ந்த நீர் நிறைந்த டம்ளரின் வெளிப்புறம் ‘வியர்ப்பதும்’ இதனால்தான். 20 டிகிரி வெப்பமும் 50 விழுக்காடு ஒப்பு ஈரப்பதமும் உள்ள அறையில் பனிப்புள்ளி சுமார் 9 டிகிரி. ஈரப்பதம் 70 விழுக்காட்டை எட்டினால் அது 14 டிகிரியைத் தாண்டிவிடும்.

டிரெய்லரின் சிறிய கொள்ளளவு இச்சிக்கலைப் பெருக்குகிறது. 6 மீட்டர் வண்டிக்குள் இருக்கும் காற்று 27 கன மீட்டர் என்று கொண்டால், 20 டிகிரியில் அது ஏந்தக்கூடிய மொத்த நீர் அரை லிட்டருக்கும் குறைவே. உறங்கும் மனிதர் ஒருவர் மூச்சாலும் தோலாலும் மணிக்கு ஏறத்தாழ 40 கிராம் நீராவியை வெளிவிடுகிறார் என்பதால், இருவரின் எட்டு மணி நேர உறக்கமே 640 கிராம் நீரைக் காற்றில் சேர்த்துவிடுகிறது. இதனுடன் சமையல், குளியல், உள்ளே தொங்கவிடப்படும் நனைந்த மழைக்கோட்டு ஆகியவையும் கூடுகின்றன. புரோப்பேன் எரிவாயு எரியும்போது அதிலுள்ள ஹைட்ரஜன் ஆக்சிஜனுடன் சேர்ந்து நீராகிறது. ஒரு கிலோ புரோப்பேன் எரிந்தால் சுமார் 1.6 கிலோ நீர் உருவாகும். புகையை வெளியே செலுத்தும் ஹீட்டரில் இந்நீரும் புகையோடு வெளியேறிவிடும். புகைபோக்கி இல்லாத ஹீட்டரிலும் சமையல் அடுப்பிலும் அது வீட்டுக்குள்ளேயே தங்கிவிடும். ஆகவே குளிர்காய அடுப்பைப் பற்றவைப்பவர், கார்பன் மோனாக்சைடு நச்சுக்கு இடம் கொடுப்பதோடு, ஈரத்தையும் தம் கையாலேயே பெருக்கிக்கொள்கிறார்.

இவ்வாறு சேரும் நீராவி முதலில் தேடிச் செல்வது வண்டியின் மிகக் குளிர்ந்த இடத்தை. வெளியே 0 டிகிரியும் உள்ளே 20 டிகிரியும் நிலவும்போது, ஒற்றைக் கண்ணாடிச் சன்னலின் உட்பரப்பு சுமார் 5 டிகிரிக்கு இறங்கிவிடுகிறது. இரட்டைக் கண்ணாடியாயின் 12 டிகிரியை ஒட்டி நிற்கும். சுவரின் சட்டங்கள் அலுமினியத்தால் ஆனவையாக இருந்தால், மரத்தைவிட ஆயிரம் மடங்குக்கும் மேலாக வெப்பத்தைக் கடத்தும் அவ்வுலோகம், இடையிலுள்ள வெப்பக் காப்பைத் தாண்டி வெளிக்குளிரை உட்புறத்துக்குக் கொண்டுவருகிறது. இதற்கு ‘வெப்பப் பாலம்’ என்று பெயர். சட்டம் ஓடும் தடம் நெடுக உட்சுவரில் ஈரக்கோடுகள் தோன்றுவதற்கு இதுவே காரணம்.

கண்ணாடியில் தெரியும் நீரைத் துடைத்துவிடலாம். தெரியாத நீரே வண்டியை அழிக்கிறது. சுவிட்ச் பெட்டி, விளக்குத் துளை, அலமாரி இடுக்கு ஆகியவற்றின் வழியே சுவருக்குள் கசியும் வெதுவெதுப்பான காற்று, வெளித்தகட்டின் பின்புறத்தைத் தொட்டதும் அங்கே நீராகிறது. நனைந்த கண்ணாடி இழைக் காப்பு தன் ஆற்றலை இழப்பதால் சுவர் மேலும் குளிர்கிறது. மேலும் குளிர்ந்த சுவரில் மேலும் நீர் சேர்கிறது. மரத்தின் ஈர அளவு 20 விழுக்காட்டுக்குக் கீழ் இருக்கும்வரை அது பாதுகாப்பானது; 30 விழுக்காட்டை நெருங்கினால் அழுகல் பூஞ்சைகள் வேரூன்றும், பிளைவுட்டின் அடுக்குகளும் பிரியத் தொடங்கும். முடை நாற்றம், மிதித்தால் அமுங்கும் தரை, துருவேறிய திருகுத் தலைகள், உப்பிய சுவர் ஆகியவை இவ்வழிவின் வெளிப்படையான அறிகுறிகள்.

ஈரத்துக்குக் காரணம் ஒழுக்கா, நீராவியா என்பதை முதலில் பிரித்தறிய வேண்டும். மழைக்குப் பின் ஒரே இடத்தில், குறிப்பாகக் கூரை மூலையிலோ சன்னல் சட்டத்துக்குக் கீழோ, கறை தோன்றினால் அது பெரும்பாலும் ஒழுக்கு. மழையற்ற குளிர் இரவுக்குப் பின் குளிர்ந்த பரப்புகள் அனைத்தும் நனைந்திருந்தால் அது நீராவி. ஐயம் நீடித்தால், ஐயத்துக்குரிய இடத்தில் அலுமினியத் தாள் ஒன்றை வைத்து நான்கு ஓரங்களையும் டேப்பால் ஒட்டி ஓரிரு நாள் விடலாம். தாளின் முன்புறம் நனைந்தால் ஈரம் அறைக்காற்றிலிருந்தும், பின்புறம் நனைந்தால் சுவருக்குள்ளிருந்தும் வருகிறது. ஒழுக்காயின், கூரை இணைப்புகளில் வெடித்துப்போன சீலன்டைச் சுரண்டி எடுத்துப் புதிதாகப் பூசுவதைத் தவிர வேறு வழியில்லை.

நீராவியாயின், தீர்வு இயல்பான அறிவுக்கு மாறானதாகத் தோன்றும்: குளிரிலும் காற்றை உள்ளே விடவேண்டும். 0 டிகிரியிலுள்ள காற்று, வெளியே அது முழுதும் ஈரம் நிரம்பியதாகவே இருப்பினும், உள்ளே வந்து 20 டிகிரிக்குச் சூடேறியதும் அதன் ஒப்பு ஈரப்பதம் 30 விழுக்காட்டுக்கும் கீழே இறங்கிவிடுகிறது. இதனால் கொட்டும் மழை நாளிலும் வெளிக்காற்று அறையை உலர்த்தும். உறங்கும் இருவரின் ஈரத்தை வெளியேற்ற மணிக்கு ஏறத்தாழ 16 முதல் 20 கன மீட்டர் காற்றே போதும் என்பதால், கூரைத் திறப்பை விரலளவும் எதிர்ப்புறச் சன்னல் ஒன்றைச் சிறிதளவும் திறந்து வைத்தாலே பெரும்பகுதி வேலை முடிந்துவிடும். அதற்காகும் கூடுதல் எரிபொருள், அழுகிய தரையை மாற்றும் செலவோடு ஒப்பிடத்தக்கதன்று. சமைக்கும்போதும் குளிக்கும்போதும் வெளியேற்று விசிறி ஓடவேண்டும்; மெத்தைக்கு அடியில் காற்றுப் புகும் சட்டப்பலகை அமைக்கவேண்டும்; பெட்டிகளைச் சுவரோடு ஒட்டி வைக்காமல் இடைவெளி விடவேண்டும்.

மின்வசதி உள்ள முகாமில் ஈரநீக்கி எந்திரம் துணைபுரியும். கம்ப்ரசரால் இயங்கும் வகை குளிர்ந்த அறையில் திறன் குன்றுவதால், அங்கே ஈரமுறிஞ்சும் பொருளால் இயங்கும் வகையே பொருத்தமானது. கால்சியம் குளோரைடு படிகங்கள் நிரப்பிய டப்பாக்கள் மூடிய அலமாரிக்கு உதவுமேயன்றி, ஆட்கள் குடியிருக்கும் வண்டிக்குப் போதா. சிறிய ஈரமானி ஒன்றை மாட்டி, முள் 50 விழுக்காட்டைத் தாண்டாமல் பார்த்துக்கொள்வது அன்றாடப் பழக்கமாகவேண்டும். காலையில் சன்னலைத் துடைத்த துணியை வண்டிக்கு வெளியே பிழிந்து வெளியிலேயே உலர்த்துவதும் அப்பழக்கத்தின் பகுதியே. அதை உள்ளே காயப்போட்டால், துடைத்த நீர் அன்றிரவே மீண்டும் காற்றிலேறிச் சுவரைச் சென்றடையும்.