கடல் பார்க்கப் போகலாமா? கம்பத்துக்காரருக்கு ஆலப்புழா, தேனிக்காரருக்கு ராமேசுவரம்!

தேனி:

மலை, அருவி, அணை, வயல்வெளி எல்லாம் இருக்கிற தேனி மாவட்டத்தில் இல்லாதது கடல் ஒன்றுதான். சுருளி, கும்பக்கரை, வைகை அணை எல்லாம் பிள்ளைகள் பார்த்துச் சலித்த இடங்கள். முழு ஆண்டு பரீட்சை முடிந்த மறுநாளே "கடலுக்குப் போகலாம்ப்பா" என்று வீட்டில் பாட்டு ஆரம்பித்து விடும். 2 நாள் போய் வர எந்தக் கடல் தோது, எந்த மாதம் போவது, எதில் உஷாராக இருப்பது? கொஞ்சம் முன்கூட்டியே கணக்குப் போட்டால் கையைக் கடிக்காமல் போய் வரலாம்.

எந்தக் கடல் பக்கம்?

கடல் என்றாலே நம்மூரில் ராமேசுவரம்தான் ஞாபகத்துக்கு வரும். ஆனால் கம்பம், கூடலூர், உத்தமபாளையம் பக்கம் இருப்பவர்களுக்கு மலைக்கு அந்தப்புறம் உள்ள ஆலப்புழா கடல்தான் கிட்டம். கம்பத்தில் இருந்து குமுளி, கோட்டயம் வழியாக ஆலப்புழா சுமார் 175 கி.மீ. அதே கம்பத்தில் இருந்து மதுரை வழியாக ராமேசுவரம் போனால் சுமார் 280 கி.மீ. வரும்.

தேனி, பெரியகுளம், ஆண்டிப்பட்டிக்காரர்கள் கதை வேறு. அவர்களுக்கு ராமேசுவரம் சுமார் 240 கி.மீ. என்றாலும் மலை ரோடு கிடையாது. சின்னக் குழந்தைகளுக்கு வாந்தி, மயக்கம் என்ற தொல்லை இல்லை. அதோடு ரெயிலும் இருக்கிறது. 1928-ல் வந்த மதுரை-போடி ரெயில் பாதை அகலப்பாதை பணிக்காக 2010 கடைசியில் மூடப்பட்டு, 12 வருடம் கழித்து 2022 மே மாதம்தான் தேனிக்கு ரெயில் வந்தது. 2023 ஜூனில் போடி வரை நீண்டது. கம்பம், கூடலூர்காரர்கள் ரெயில் ஏறணும் என்றால் தேனிக்கோ போடிக்கோ வந்தாக வேண்டும்.

மே மாதத்தை விட்டால்...

தேதி குறிப்பதில்தான் பலர் கோட்டை விடுகிறார்கள். கேரளாவில் தென்மேற்குப் பருவமழை ஜூன் முதல் வாரத்தை ஒட்டித் தொடங்கிவிடும். அதன்பிறகு ஆலப்புழா கடல் ஆளை விரட்டும். நம்ம பக்கமும் முல்லைப்பெரியாறு அணை நீர்மட்டம் கைகொடுத்தால் ஜூன் 1-ந்தேதி வாக்கில் முதல்போகத்துக்குத் தண்ணீர் திறந்து விடுவார்கள். கம்பம் பள்ளத்தாக்கில் 14 ஆயிரத்து 707 ஏக்கரில் நாற்று, நடவு என்று வேலை சூடு பிடிக்கும். பள்ளிக்கூடமும் திறந்துவிடும். ஆக, மழைக்கு முன்னால், வேலைக்கு முன்னால் கிடைக்கிற இடைவெளி ஏப்ரல் கடைசியும் மே மாதமும்தான். திராட்சைத் தோட்டத்தில் மட்டும் வருடம் முழுக்க வேலை இருப்பதால் அவர்கள் தோட்டக்காரரிடம் முன்பே சொல்லி வைத்துக்கொள்வது நல்லது.

அரையாண்டு லீவில் போகலாமே என்று கேட்கலாம். டிசம்பரில் ராமேசுவரம் பக்கம் மழையும் புயல் சின்னமும் இருக்கும். குமுளி ரோட்டிலோ சபரிமலை சீசன் கூட்டம் அலைமோதும். வாகனங்களை கம்பம்மெட்டு வழியாகத் திருப்பி விடுவதும் உண்டு. ஆடி அமாவாசை, தை அமாவாசை நாட்களில் ராமேசுவரத்தில் ரூம் கிடைப்பதே குதிரைக்கொம்பு. அந்தத் தேதிகளை முதலிலேயே காலண்டரில் அடித்து விடுங்கள்.

ராமேசுவரம்: மதியத்தில் போய் நிற்காதீங்க

போடியில் இருந்து மாலையில் கிளம்பும் ரெயில் இரவு மதுரை சேரும். ராமேசுவரம் ரெயிலை காலையில் பிடிப்பதுதான் வசதி. அதனால் இரவு மதுரையில் சொந்தக்காரர் வீடு இருந்தால் தங்கலாம். இல்லாவிட்டால் விடிகாலை பஸ்சில் நேராக மதுரைக்குப் போய் அங்கிருந்து ரெயில் ஏறலாம். மதுரை-ராமேசுவரம் பயணம் ஏறத்தாழ 4 மணி நேரம். பெண்களுக்கு இலவசம் என்பது டவுன் பஸ்சில்தான், மதுரை பஸ்சில் டிக்கெட் உண்டு. அரசு பஸ்சில் 5 வயது வரை பிள்ளைகளுக்கு டிக்கெட் இல்லை. தாத்தா, பாட்டிக்கு ரெயிலில் இருந்த சலுகை 2020 மார்ச்சிலேயே நிறுத்தப்பட்டு விட்டதால் அவர்களுக்கும் முழு டிக்கெட் போட்டுத்தான் கணக்குப் பார்க்க வேண்டும்.

ரெயிலில் போவதற்கு இன்னொரு காரணமும் உண்டு. 1914-ல் திறந்த பழைய பாம்பன் பாலத்தில் 2022 டிசம்பரில் ரெயில் நின்றது. அதன்பின் 2 வருடத்துக்கு மேல் ராமேசுவரம் தீவுக்கே ரெயில் இல்லை. புதிய பாலம் 2025 ஏப்ரல் 6-ந்தேதி திறக்கப்பட்டது. கப்பல் வந்தால் நடுப்பகுதி அப்படியே லிப்ட் மாதிரி மேலே எழும்பும். இருபுறமும் கடல், நடுவில் ரெயில் என்று போகும் அந்த சில நிமிடத்துக்காகவே பிள்ளைகள் இந்தப் பயணத்தை மறக்க மாட்டார்கள்.

கோவிலில் அக்னி தீர்த்தம் எனப்படும் கடலில் குளித்துவிட்டு, உள்ளே 22 தீர்த்தங்களில் நீராடுவது வழக்கம். ஈரத்துணியோடு சாமி கும்பிட முடியாது என்பதால் எல்லோருக்கும் ஒரு செட் மாற்றுத்துணி அவசியம். மதியம் நடை சாத்திவிடுவார்கள். காலையிலேயே கோவிலை முடித்துவிட வேண்டும். மதிய வெயிலுக்கு பேக்கரும்பில் உள்ள அப்துல் கலாம் நினைவிடம் தோதான இடம். 2017 ஜூலையில் திறந்தது, கட்டணம் கிடையாது.

வெயில் தாழ்ந்ததும் தனுஷ்கோடி. 1964 டிசம்பர் 22-ந்தேதி இரவு வீசிய புயலில் ஊரே அழிந்தது. பாம்பனில் இருந்து வந்த பாசஞ்சர் ரெயிலை அப்படியே கடல் இழுத்துக்கொண்டது. இடிந்த சர்ச்சும் ரெயில் நிலையமும் இன்னும் அந்தக் கதையைச் சொல்லிக்கொண்டு நிற்கின்றன. முன்பு மணலில் வேனில் குலுங்கிப் போக வேண்டியிருந்த அரிச்சல்முனைக்கு 2017 முதல் தார் ரோடு போட்டாகிவிட்டது. இருட்டும் முன்பே போலீசார் வெளியே அனுப்பிவிடுவார்கள். 6 மணிக்கு மேல் போகலாம் என்று நினைத்தால் ஏமாற்றம்தான்.

ஆலப்புழா: போட் ஹவுஸ் வேண்டாம், பஸ் மாதிரி படகு இருக்கு

ஆலப்புழா என்றதும் ஆயிரக்கணக்கில் காசு கேட்கும் படகு வீட்டை நினைத்து பயப்பட வேண்டாம். குமுளியில் இருந்து பஸ்சில் கோட்டயம் போய், அங்கே கோடிமதா படகுத் துறையில் கேரள அரசு நீர்ப்போக்குவரத்துத் துறையின் படகு ஏறினால் சுமார் இரண்டரை மணி நேரத்தில் ஆலப்புழா. வயல், தென்னை, வாய்க்கால் ஓர வீடுகள் என்று போட் ஹவுஸ்காரர்கள் பார்க்கிற அதே காட்சியை பஸ் டிக்கெட் மாதிரியான சின்னக் கட்டணத்தில் பார்த்துக்கொண்டே போகலாம். சில சமயம் ஆகாயத்தாமரை அடைத்துக்கொண்டால் படகு ஓடாது, கோட்டயத்தில் இறங்கியதும் விசாரித்துவிடுங்கள். ஆலப்புழாவில் பழைய கலங்கரை விளக்கமும் நீண்ட கடற்கரையும் இருக்கின்றன. தினமும் ஜீப்பில் ஏலத்தோட்டத்துக்குப் போய் வருகிற நம்மூர் ஆட்களுக்கு மலையாளம் ஒரு பிரச்சினையே இல்லை.

ஆற்றில் நீந்துகிற தைரியம் கடலில் கூடாது

முல்லையாற்றில் குதித்து வளர்ந்த பையன்கள் கடலையும் அப்படித்தான் நினைக்கிறார்கள். ஆபத்து அங்கேதான். ஆறு ஒரே பக்கம் இழுக்கும். கடலில் அலை கரைக்குத் தள்ளிய தண்ணீர் ஒரு இடத்தில் சேர்ந்து வேகமாக உள்ளே திரும்பும். அதில் சிக்கினால் எதிர்த்து நீந்தி ஜெயிக்க முடியாது. கரைக்கு இணையாகப் பக்கவாட்டில் நகர்ந்து இழுவையை விட்டு வெளியே வந்த பிறகுதான் கரை திரும்ப வேண்டும்.

அரிச்சல்முனையில் இரண்டு கடல் கூடுவதால் நீரோட்டம் பொல்லாதது. கால் நனைப்பதோடு சரி, குளிக்க வேண்டாம். தீவில் அமைதியாக இருக்கும் வடபுறத்தை 'பெண் கடல்' என்றும், சீறும் தென்புறத்தை 'ஆண் கடல்' என்றும் மீனவர்கள் சொல்வது சும்மா இல்லை.

கேரளா, கன்னியாகுமரி பக்கம் ஏப்ரல், மே மாதங்களில் 'கள்ளக்கடல்' என்று ஒன்று வரும். காற்றே இருக்காது, வானம் தெளிவாக இருக்கும். எங்கோ தூரத்துப் பெருங்கடலில் அடித்த புயலால் கிளம்பிய அலை திடீரென்று கரையில் ஏறும். 2024 மே 6-ந்தேதி கன்னியாகுமரி மாவட்டம் லெமூர் கடற்கரையில் 5 மருத்துவ மாணவ-மாணவிகள் உயிரிழந்தது இப்படி எச்சரிக்கை விடப்பட்டிருந்த சமயத்தில்தான். சிவப்புக் கொடி இருந்தால் கணுக்கால் தண்ணீரில்கூட பிள்ளைகளை இறக்காதீர்கள்.

வேன் பேசுகிறவர்கள் கவனத்துக்கு

இரண்டு, மூன்று குடும்பம் சேர்ந்து வேன் பேசினால் தலைக்குச் செலவு குறையும். ஆனால் மஞ்சள் போர்டு வண்டியா என்று முதலில் பாருங்கள். தெரிந்தவர் கொடுத்தார் என்று சொந்த போர்டு வண்டியை வாடகைக்கு எடுத்தால், விபத்து என்று வந்தால் இன்சூரன்ஸ் சிக்கலாகிவிடும். கேரளாவுக்குள் போக பர்மிட்டும் வரியும் கட்டியிருக்க வேண்டும், அந்தக் காசு வாடகையில் சேர்த்தியா, தனியா என்று பேசி முடித்துவிட்டே அட்வான்ஸ் கொடுங்கள்.

திரும்பும்போது ராத்திரியோடு ராத்திரியாக குமுளி மலை இறங்கும் பழக்கம் வேண்டாம். 2022 டிசம்பர் 23-ந்தேதி இரவு சபரிமலையில் இருந்து வீடு திரும்பிய ஆண்டிப்பட்டி பகுதி பக்தர்கள் 8 பேர் கார் பள்ளத்தில் விழுந்து இறந்தது அந்த மலைப்பாதையில்தான். டிரைவருக்கு ஒரு இரவு தூக்கம் கொடுத்து, காலையில் கிளம்புங்கள்.

கடைசியாக மீன் விஷயம். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை நம்ம கிழக்குக் கடலில் விசைப்படகுகளுக்குத் தடைக்காலம். மே மாதம் ராமேசுவரத்தில் நாட்டுப்படகு மீன்தான், விலையும் கூடுதலாக இருக்கும். கேரளாவில் தடை ஜூன் 9-ந்தேதி நள்ளிரவில்தான் தொடங்கும் என்பதால் மே மாதம் ஆலப்புழாவில் மீன் சாப்பாட்டுக்குக் குறைவில்லை. ராமேசுவரம் போகிறவர்கள் பாம்பனில் கருவாடு வாங்கலாம். இரண்டு பிளாஸ்டிக் பை போட்டு இறுக்கிக் கட்டுங்கள். இல்லாவிட்டால் மதுரை பஸ்சில் கண்டக்டரோடு சண்டை போட்டுக்கொண்டே வர வேண்டியிருக்கும்.