கட்டைவிரலுக்குப் பழக வேண்டும்

மகள் கோவையில் வேலைக்குச் சேர்ந்தபோது முதல் வேலையாக ஒரு பெப்பர் ஸ்ப்ரே வாங்கிக் கைப்பையில் போட்டுவிட்டேன். பெற்ற மனசுக்கு அதிலேயே பாதி நிம்மதி. 3 வருடம் கழித்து ஒருநாள், "எங்கே, சட்டுனு எடு பார்ப்போம்" என்றேன். டிபன் பாக்ஸ், குடை, சார்ஜர் வயர், மாத்திரை அட்டை எல்லாம் வெளியே வந்த பிறகுதான் அடியிலிருந்து ஸ்ப்ரே வந்தது. காலாவதித் தேதியும் தாண்டியிருந்தது.

அந்தப் பழைய டப்பாவை எடுத்துக்கொண்டு மொட்டை மாடிக்குப் போனோம். துணிக்கொடியில் செய்தித்தாளைத் தொங்கவிட்டு, 6 அடி தள்ளி நின்று அழுத்தினாள். ஒன்றும் வரவில்லை, மூடியின் பூட்டைத் திருப்பவே இல்லை. அடுத்த முறை வந்தது, ஆனால் பாதி தூரத்திலேயே விழுந்தது. நாளானால் உள்ளே கேஸின் அழுத்தம் குறைந்துவிடும். "அம்மா, காத்து நம்ம பக்கம் அடிக்குதும்மா!" என்று அவள் சொல்லி முடிப்பதற்குள் இரண்டு பேருக்கும் இருமல்.

பேச்சுவழக்கில் மிளகு ஸ்ப்ரே என்றாலும் உள்ளே இருப்பது மிளகாயின் காரம்தான். அதிலுள்ள கேப்சைசின் கண்ணில் பட்டால் இமை தானாக மூடிக்கொள்ளும், மூச்சு முட்டும். எரிச்சல் அடங்க அரை மணி நேரத்துக்கு மேலாகும். தவறிப்போய் நம் மேல் பட்டால் கண்ணைக் கசக்காமல் தண்ணீரை விட்டுக் கழுவிக்கொண்டே இருக்க வேண்டும்.

சிலம்ப ஆசான்கள் கம்பு வீச்சுக்கு முன்னால் காலடியைப் பழக்குவார்கள். ஸ்ப்ரேயும் அப்படித்தான் என்பேன். நான்கு விரல் டப்பாவைச் சுற்றியிருக்க, கட்டைவிரல் இருட்டிலும் பூட்டைத் தேடிப் பிடிக்க வேண்டும். கையை நீட்டி, முகத்தைப் பார்த்து ஒரு விநாடி அடித்ததும் பக்கவாட்டில் விலகி ஓட வேண்டும். கத்திக்கொண்டே ஓட வேண்டும். 112-க்குப் போன் போட வேண்டும். நின்று சண்டை போடுவதற்கான கருவியல்ல இது. தற்காப்பு உரிமையை பாரதிய நியாய சன்ஹிதாவின் 34 முதல் 44 வரையிலான பிரிவுகள் தருகின்றன. ஆபத்தைத் தடுக்கத் தேவையான அளவுக்கு மட்டும். வாய்ச்சண்டைக் கோபத்தில் அடித்தால் வழக்கு நம்மேல்தான் வரும்.

இப்போது புது டப்பா, பையின் வெளி ஜிப்பில் தனியாக இருக்கிறது. தேதியைக் காலண்டரில் குறித்திருக்கிறோம். ஆபீஸ் விட்டு இறங்கும்போதே அதைக் கையில் எடுத்துக்கொள்கிறாள். ஞாயிற்றுக்கிழமை வீட்டுக்கு வந்தால், தண்ணீர் நிரப்பிய பயிற்சி டப்பாவோடு மாடிக்கு வந்துவிட வேண்டும். காற்று எந்தப் பக்கம் என்று பார்த்துவிட்டுத்தான் செய்தித்தாளைத் தொங்கவிடுகிறோம்.